தீயணைப்பு அதிகாரி அடுப்பு மூட்டியது

“சகலரும் கவனிக்கவும்! வெள்ளமோ, கலவரமோ, மின்தடையோ, எது வந்தாலும் இனி இந்த வீடு தாக்குப்பிடிக்கும்!”

ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி பேரிடர் ஒத்திகைக்காகக் கூடத்தின் நடுவில் நின்று முழங்கினார். சகலரும் என்பது சோபாவில் சாய்ந்திருந்த மனைவி மட்டும்தான். தண்ணீர் கேன், அரிசி மூட்டை, டார்ச், மருந்துப் பெட்டி எல்லாம் சுவரோரம் அணிவகுத்து நின்றன.

“எல்லாம் சரி. அன்னிக்கு நான் வெளியில மாட்டிக்கிட்டா சமையல் யாரு?”

“நீ எங்கடி போகப்போறே?”

“ஒத்திகைன்னா முழுசாப் பண்ணணும். நான் இல்லைன்னு வெச்சுக்குங்க.”

வீறாப்பாகச் சமையலறைக்குள் நுழைந்தவர், அடுப்பை எந்தப் பக்கம் திருகுவதென்று தெரியாமல் விழித்தார்.

“முப்பது வருஷம் தீயை அணைச்சீங்களே, ஒருநாளாவது பத்தவெச்சிருக்கீங்களா?”

“வாயை மூடு. உப்பு எங்கே?”

பதில் இல்லை.

“அடியே, உன்னைத்தான்!”

“நான்தான் இல்லையே.”

அவள் விடவில்லை. தினமும் ஒத்திகை நடந்தது. சாதம் குழைந்தது, தீய்ந்தது, ஒருநாள் தப்பித்தவறிப் பதமாகவே வந்துவிட்டது.

“இனி எது வந்தாலும் எனக்குப் பயமில்லை!” என்று மார்தட்டினார் அதிகாரி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து, துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, மகள் மெல்லச் சொன்னாள்.

“ஒத்திகைக்கு முந்தின வாரமே அம்மாகிட்ட டாக்டர் கைவிரிச்சுட்டார்ப்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா.”

ஊரில் இன்றுவரை எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை.