கொடுக்காத மாத்திரை

"பேரனோ பேத்தியோ, இரும்பு மாதிரி பிறக்கணும். முழுங்கும்மா!"

நாலு அட்டை இரும்புச் சத்து மாத்திரையை மகள் முன்னால் வைத்தார் லேத் பட்டறைக்காரர்.

ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் அட்டைகளைத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம்ப்பா. ரத்தத்துல இரும்பு தேவைக்கு மேலயே இருக்காம், டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அளவு மீறினா கர்ப்பத்துல சர்க்கரை வர வாய்ப்பு கூடுமாம்."

"அந்தக் காலத்துலயும் ஒருத்தி இப்படித்தான் சட்டம் பேசினா."

அடுத்து எந்தக் கதை வரும் என்று மகளுக்குத் தெரியும். நினைவு தெரிந்த நாள் முதலாகக் கேட்கிறாள்.

அப்போது அவர் மனைவிக்கு ஏழாம் மாதம்; வயிற்றில் இந்த மகள். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, மேடு பள்ளம் பார்த்து மிதித்து, இலவச மருந்தகத்துக்குக் கூட்டிப் போவார். அவள் ஒரு கையில் அவர் தோளையும் மறு கையில் மருந்துச் சீட்டையும் பிடித்திருப்பாள். அதைவிட நல்ல சவாரி அவர் வாழ்க்கையில் போனதில்லை.

"வரிசையில நின்ன எல்லாருக்கும் மூணு மூணு அட்டை. உங்கம்மாவுக்கு மட்டும் ஒண்ணுகூட இல்ல! 'ரத்தம் நல்லா இருக்கு, வேண்டாம்'னுட்டா அந்த மருந்து கொடுக்கிறவ. அவ அப்பன் வீட்டுச் சொத்தா? ஜன்னல்லயே நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அவ இருந்த தெருவுல இன்னை வரைக்கும் நான் கால் வைக்கல."

"தெரியும்ப்பா. அப்புறம் நீங்களே வாங்கினீங்க."

"விடுவேனா? மாசாமாசம் கடையில வாங்கி நானே கொடுத்தேன். மூணரைக் கிலோ எடையில பிறந்தே நீ! சர்க்கரையாவது மண்ணாவது! உங்கம்மாவையே கேளு."

மகளின் கை தயங்கியபடி அட்டைப் பக்கம் போனது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சட்டென்று எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, அப்போ நீங்க வாங்கினதுல நான் ஒண்ணுகூட முழுங்கல."

"என்னடி சொல்றே?"

"மருந்து கொடுக்கிற அந்த அக்கா அன்னைக்கே என்னைத் தனியா கூப்பிட்டு, 'இருக்கிறதே போதும், மேல மேல ஏத்தினா உடம்புக்குத்தான் கேடு'ன்னாங்க. உங்ககிட்ட சொன்னா மறுபடி சண்டைக்குப் போவீங்க. அதான் நீங்க வாங்கினதைப் பிரிக்காம அவங்ககிட்டயே கொடுத்துட்டேன். அங்க மாத்திரை தீர்ந்துட்டா, ரத்தம் இல்லாம வெளுத்துப்போய் வர்ற பொண்ணுங்களுக்கு அதைத்தான் கொடுப்பாங்க."

பட்டறைக்காரருக்கு முகம் சிவந்தது.

"அதானே பார்த்தேன்! நான் வாங்கினதைத் தூக்கிக் கொடுத்து நல்ல பேர் எடுத்துக்கிட்டாளா!"

"இல்லீங்க. 'லேத் பட்டறை அண்ணன் உனக்காக வாங்கிக் கொடுத்தது, அவர் நல்லா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டு முழுங்கு'ன்னு சொல்லித்தான் ஒவ்வொருத்திக்கும் கொடுத்தாங்க."