சர்வேயரின் கடைசிக் கேள்வி

வாசற்படியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, தையற்காரி மறுபடி மெஷினை மிதித்தாள். வெளியே நின்ற சர்வேயர், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு, படிவத்தைப் பிரித்தார்.

“ரயில்வே ஸ்டேஷன்?”

“இடிச்சாச்சுங்க.”

“தபாலாபீஸ், பள்ளிக்கூடம்?”

“எல்லாம் தரைமட்டம். இந்தப் பள்ளத்தாக்குல எங்க வீடு ஒண்ணுதான் மிச்சம். அதையும் லிஸ்டுல சேர்த்துடாதீங்க.”

சிரித்துக்கொண்டே குறித்தவர், கடைசிக் கேள்விக்கு வந்தார்.

“இடிக்கிறப்ப உயிர்ச்சேதம் ஏதாவது உண்டா?”

மெஷின் நின்றது.

“இல்லைன்னு எழுதிக்கோங்க.”

“நல்லவேளை. அப்ப நான் நாலு மணி ரயிலைப் பிடிக்கிறேன்.”

தண்டவாளம் இல்லாத புல்வெளியில் இறங்கி நடந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பிய கணவன், தொடாமல் இருந்த டம்ளரைப் பார்த்தான்.

“மறுபடியும் வந்தாரா?”

“ம். அதே கேள்விதான்.”

“ஸ்டேஷன் சுவரு அவர் மேலதான் விழுந்துச்சுன்னு சொல்லிடேன். பதினோரு வருஷமா அலையறாரு, பாவம்.”

“வாய் வரைக்கும் வருதுங்க. ஆனா சொன்னா, அவர் கையாலதானே அதை எழுதணும்?”