பிஸ்டனுக்கு இரண்டு வளையம்

முன்னறை ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் மாலை வெயிலில், பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே விரித்த போர்வையில் போல்ட்டுகள் கழற்றிய வரிசையிலேயே கிடக்கின்றன. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி, ஆஸ்பத்திரிக் கையுறையோடு என்ஜின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் வேறொரு ஆஸ்பத்திரியில் புது வேலையில் சேர வேண்டும்; அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தையல்காரக் கணவனுக்கு வண்டி மேல் துளியும் நம்பிக்கை இல்லை. காலையில்கூட, "பேசாம எடைக்குப் போட்டுடலாம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். பிஸ்டனில் மாட்டிய, விரிந்து நிற்கும் இரண்டு புது வளையங்களும் அதன் பள்ளத்துக்குள் அடங்கினால்தான் சிலிண்டரை அதன்மேல் இறக்க முடியும். அவளுடைய இரண்டு கைகளும் சிலிண்டரைத் தாங்கியிருக்க, மேல் வளையம் மூன்றாவது முறையாக வெளியே துள்ளுகிறது.

"என்னங்க, வேடிக்கை பாத்தது போதும். இதைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க."

"உடைஞ்சிடுச்சுன்னா?"

"வழுக்குற துணியிலயே சுருக்கம் பிடிக்கிற விரலு. உடையாது, பிடிங்க."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிகிறான். ஊசியில் நூல் கோக்கும்போது இடுங்குவது போலக் கண்கள் இடுங்குகின்றன. விரல்கள் வளையத்தைச் சுற்றி மெல்ல இறுக்குகின்றன. ஒன்று உள்ளே போகிறது, அடுத்ததும் போகிறது. சிலிண்டர் வழுக்கி இறங்கிப் பதமாக உட்காருகிறது. அவள் மேல்மூடியை முடுக்கிவிட்டு, வளையங்கள் காற்றைக் கசியாமல் அடைக்கின்றனவா என்று பார்க்க, பிளக் துளையை அவன் கட்டைவிரலால் மூடச் சொல்லி, எழுந்து கிக்கரை ஒரே மிதியாக மிதிக்கிறாள். 'புஸ்'ஸென்று காற்று விரலைத் தூக்கி எறிகிறது.

"தள்ளுதுடி!" என்கிறான் அவன், கறுத்த விரலை மறுபடி துளையில் வைத்தபடி. "இன்னொரு வாட்டி மிதி."