இருபது நிமிடம்

"போகேக்கை அறுபதிலை ஓடினனான். வரேக்கை ட்ராபிக்கப்பா, முப்பதுதான்," என்றாள் சுபாங்கி. அறுபது மைல் தள்ளிக் கேம்பிரிட்ஜில் மகளை இறக்கிவிட்டு, ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"அப்ப சராசரி நாற்பத்தஞ்சு. போய்வர நூற்றிருபது மைல், ரெண்டு மணி நாற்பது நிமிசத்திலை வந்திருக்கோணும். நீர் எடுத்தது மூண்டு மணித்தியாலம். மிச்ச இருபது நிமிசம் ஆரோடை நிண்டனீர்?" என்றான் கணவன் தயாபரன்.

அவள் கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மாடியேறினாள்.

அவன் விறைப்பாக விடைத்தாள் கட்டைப் பிரித்தான். அறுபது மைல் தூரத்தைப் போய்வர ஆகும் சராசரி வேகத்தைக் காணும் இசைச் சராசரிக் கணக்கு. போக அறுபது, வர முப்பது. மாணவி நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தாள்.

'கூட்டி இரண்டால் வகுக்காதே! அறுபது மைல் போக ஒரு மணி, வர இரண்டு, மொத்தம் மூன்று...'

சிவப்புப் பேனா நின்றது.

பதினாறு வருடமாக அவன் படிப்பிக்கிற கணக்கு. மாடிப்படியைப் பார்க்கவே கூசியது.