விசுவாசமுள்ள முகம்

"கம்பெனி சம்பளம் மட்டும் இனிக்குது. கம்பெனி க்ரீம் கசக்குதோ?"

முதலாளியின் கேள்விக்கு ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு கன்னத்திலும் சிவந்த பருக்கள். ஆறிப்போன இடமெல்லாம் கரும்புள்ளி. முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகப்பரு க்ரீம் தயாரிக்கிற கம்பெனியின் வாசலில் உட்கார இப்படியா ஒரு முகம்!

"நேத்து சாயங்காலம் தோல் டாக்டர் க்ளினிக் வாசல்ல நின்னியாமே? மேனேஜர் பஸ்ல போகும்போது பார்த்திருக்கார்."

"ஆமா சார்."

"ஆமா சாரா? ஓட்டல்ல சமைக்கிறவன் பக்கத்து ஓட்டல்ல போய் சாப்பிட்டா, பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

"நம்ம க்ரீமைத்தான் சார் இத்தனை நாளும் போட்டேன். போடப் போட அதிகமாத்தான் ஆச்சு. டாக்டர் முதல்ல அதை நிறுத்தச் சொன்னார். ராத்திரிக்கு ஒரு ஜெல் கொடுத்திருக்கார். பருவைக் கிள்ளக் கூடாது, வெயில் படக் கூடாது, கரும்புள்ளி மங்க மாசக்கணக்கா ஆகும்னு..."

"மாசக்கணக்கா? பத்தே நாள்னு நம்ம டப்பாவிலேயே போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

டப்பாவில் அப்படிப் போடச் சொன்னவரே அவர்தான். அச்சாகி வந்ததும் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"அதோ பார்!" சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தைக் காட்டினார். "காலேஜ் சேர்ந்தப்ப முகம் பூரா பரு. வெளியே தலைகாட்ட மாட்டான். இப்போ பார்த்தியா, மொழுமொழுன்னு! எந்த டாக்டர் பார்த்தான்? எல்லாம் என் க்ரீம். டப்பா தீரத் தீர நானே கொண்டுபோய் அவன் கையில கொடுப்பேன்."

அவள் படத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டாள்.

"சரி, உன்கூட ஒரு அம்மா இருந்தாங்களாமே? முதுகுதான் தெரிஞ்சுதாம். உன் தோளைத் தட்டித் தட்டிப் பேசினாங்களாம். அவங்கதானா உன்னைக் கெடுத்தது?"

"ஐயோ, அவங்க ரொம்ப நல்லவங்க சார். எனக்குத் தைரியம் சொல்லிக் கூட்டிட்டுப் போனதே அவங்கதான்."

"அப்போ கூப்பிடு போன்ல! என் க்ரீமைப் பழிச்ச வாயை நாலு கேள்வி கேட்கிறேன். முடியாதுன்னா இன்னையோட நீ வேலையை விட்டுப் போகலாம்."

அவள் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. முதலாளிக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் போயிடறேன் சார். அவங்களை மட்டும் இதுல இழுக்காதீங்க."

முதலாளி அசந்துபோனார். யாரோ ஒரு பொம்பளைக்காக வேலையையே விடுகிறாளே! இந்த விசுவாசத்தில் கால்வாசியைக் கம்பெனிக்குக் காட்டியிருந்தால் என்னவாம்?

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவள் பதறிய பதற்றத்திலேயே கூப்பிடுவது அந்த க்ளினிக் அம்மாதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேரைக்கூடப் பார்க்காமல் வெடுக்கென்று பிடுங்கி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னம்மா, ஜெல் போட்டியா? ரொம்ப எரியலையே?"

முதலாளியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தினமும் காலையில் அவரை அதட்டி எழுப்பிவிடுகிற அதே குரல்!

"பயப்படாதே கண்ணு. எங்க பையனுக்கும் அந்த டாக்டர்கிட்ட காட்டினப்புறம்தானே முகம் தெளிஞ்சுது? ஆனா உங்க சார் காதுல மட்டும் போட்டுடாதே. பாவம் மனுஷன், எல்லாம் தன் க்ரீமோட மகிமைன்னு நம்பிக்கிட்டிருக்கார், நம்பிட்டுப் போகட்டும். அவர் ஆசை ஆசையா கொண்டுவந்து தர்ற டப்பாவும் ஒண்ணும் வீணாகலை. அதைப் போட்டுத்தான் தினமும் அவர் ஷூவைத் துடைக்கிறேன்!"