சக்கரம் வைத்த சுவர்

டர்ஹாம் என்ற ஆங்கிலேய வட்டாரத்தில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு கிராமத்து மன்றத்தில், சக்கரம் வைத்த மரத்தடுப்பு ஒன்று நிற்கிறது. வரப்போகும் கலைக்கூடத்தின் சுவர்களெல்லாம் இப்படித்தான் நகரும் என்று காட்ட, கட்டடக்கலைஞர் ஹிலரி அதைக் கொண்டுவந்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. நாற்காலிகள் காலியாகக் கிடக்க, பழைய சுரங்கக்காரர்கள் மூவர், தலை இடிக்கும் பாதாளத்தில் உட்கார்ந்து பழகிய மாதிரியே, தடுப்பில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருக்கிறார்கள். கையில் தேநீர்க் கோப்பை. "நாங்க ஆடணும், எடத்தக் காலி பண்ணுங்கய்யா! நாற்காலி என்ன கடிக்குதா?" என்று நடனக் குழு டோரீன் தடுப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறாள். அது வழுக்கிக்கொண்டு ஓட, மூவரும் மல்லாந்து விழுகிறார்கள். ஆட வந்த கூட்டத்தோடு மன்றமே சிரிக்கிறது. ஹிலரியும் சிரிக்கிறாள், தடுப்பு எவ்வளவு லேசாக ஓடுகிறது என்ற பெருமை அவளுக்கு. இருவர் டோரீனைத் திட்டிக்கொண்டே எழுகிறார்கள். வில்ஃப் மட்டும் எழவில்லை. சுரங்கத்தில் கூரை சரியும்போது செய்வதுபோல் இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கூரையையே பார்த்தபடி கிடக்கிறார். கொட்டிய தேநீர் சட்டையில் பரவுகிறது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்குகிறது. ஹிலரி அவர் பக்கத்தில் மண்டியிடுகிறாள். "அடி கிடி பட்டுச்சா?" "அதெல்லாம் இல்ல கண்ணு," கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார் வில்ஃப். "நல்லாத்தான் கட்டப்போற. எந்தச் சுவரு நகராதுன்னு மட்டும் சொல்லிடு."