தார்ச்சாலைக்கு மேலே

சோலையைப் பிளந்தோடும் சாலையைச் சிங்கவால் குரங்குகள் கடக்க, மரத்துக்கு மரம் குழாய்ப்பாலம் கட்டி ஏழு மாதமாகியும் ஒன்றுகூட அதில் கால் வைக்கவில்லை. அதற்குள் குரங்குகளுக்குக் காவலாகச் சாலையில் நின்ற மாடத்தி, வண்டியில் அடிபட்ட இரண்டு குட்டிகளைப் புதைத்திருந்தாள்.

அன்று காலை மூடுபனியில், வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டியோடு ஒரு தாய்க்குரங்கு குழாயை அழுத்திப் பார்த்தது. மாடத்தி ஓடிப்போய், வந்துகொண்டிருந்த பஸ்ஸை மறித்தாள்.

"ஏக்கா, கொரங்குக்காகவா நிறுத்துற?" என்று இறங்கிவந்த டிரைவர் அண்ணாந்து பார்த்தார். குழாய் ஆடியது. தாய் நின்றது, பிறகு நடந்தது. அதன் பின்னால் கூட்டமே தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"இன்ஜின அமத்திருங்கண்ணே."

அவர் ஏறிப்போய் அணைத்தார். பயணிகளும் இறங்கிவந்தார்கள்.

கடைசியாக வந்த கிழட்டு ஆண்குரங்கு நடுப்பாலத்தில் உட்கார்ந்து, கீழே அண்ணாந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. மாடத்தியின் முகத்துக்கு வந்ததும் அதன் பார்வை அங்கேயே நின்றுவிட்டது.